‘லா ஜெத்தே’: எடிட்டிங் டேபிளில் உருவான ஒரு குறும்படம்

1962-ஆம் ஆண்டு மே மாதம். அல்ஜீரியப் போர் ஓய்ந்த கையோடு, பாரீஸ் மக்கள் என்ன நினைக்கிறார்கள், எப்படி வாழ்கிறார்கள் என்று தெருத்தெருவாக மைக்கை நீட்டி ஒரு நீண்ட ஆவணப்படம் எடுத்துக்கொண்டிருந்தார் பிரெஞ்சு இயக்குநர் கிறிஸ் மார்க்கர். படப்பிடிப்புக் குழுவுக்கு விடுமுறை கிடைத்த நாட்களில் அவர் சும்மா இருக்கவில்லை. ஸ்டில் கேமராவைத் தூக்கிக்கொண்டு போய் வேறொரு கதைக்கான புகைப்படங்களை எடுத்தார். அந்தக் கதை அப்போது தனக்கே முழுசாகப் புரிந்திருக்கவில்லை என்றும், துண்டுகளெல்லாம் ஒன்றுகூடியது எடிட்டிங்கில்தான் என்றும் பல வருடம் கழித்து ஒரு பேட்டியில் சொன்னார். அப்படிக் கூடிவந்ததற்கான பெருமையைத் தான் எடுத்துக்கொள்வது கடினம் என்றும் சொன்னார்.

இந்தக் கடைசி வாக்கியத்தில் தன்னடக்கம் கொஞ்சம் அதிகம். ஆனால் அதற்கு முந்தைய வாக்கியத்தை அப்படியே நம்பலாம். அந்தப் புகைப்படங்களிலிருந்து உருவான ‘லா ஜெத்தே’ 28 நிமிடக் கறுப்பு வெள்ளைக் குறும்படம். ஒரே ஓரிடத்தில் சில நொடிகளைத் தவிர, முழுக்க முழுக்கப் புகைப்படங்கள். நடிகர் நடந்து வருவதில்லை, கதவு திறப்பதில்லை, உதடு அசைவதில்லை. ஓடும் படத்தில் எடிட்டிங் செய்யும் வேலையில் பாதியை நடிப்பும் அசைவும் மறைத்துவிடும். இங்கே அந்தத் திரை கிடையாது. எந்தப் படம் எவ்வளவு நேரம் நிற்கிறது, அதற்குப் பக்கத்தில் எது வருகிறது, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எப்படிப் போகிறோம்: இந்த மூன்றும்தான் படமே. எடிட்டிங் கற்க நினைப்பவர்களுக்கு இதைவிடத் தெளிவாக உள்ளே தெரியும் படம் எனக்குத் தெரிந்து வேறில்லை. படத்தொகுப்பாளர் பெயர் ழான் ரவேல். மார்க்கரைப் பற்றி எழுதும் பலர் இந்தப் பெயரைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், அது நியாயமில்லை.

கதை

முடிவைச் சொல்லாமல் இந்தப் படத்தின் எடிட்டிங்கைப் பேச முடியாது. பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து மேலே படிப்பது நல்லது.

ஒரு சிறுவன் ஞாயிற்றுக்கிழமை பெற்றோருடன் பாரீஸின் ஓர்லி விமான நிலையத்துக்கு விமானம் பார்க்கப் போகிறான். அங்கே பார்வையாளர் மேடையின் கோடியில் ஒரு பெண்ணின் முகத்தைப் பார்க்கிறான். திடீரென்று ஒரு சத்தம், அவள் கையின் சைகை, சரிந்து விழும் ஓர் உடல், கூட்டத்தின் கூச்சல். ஒரு மனிதன் சாவதைத்தான் பார்த்தோம் என்பது அவனுக்குப் பிற்பாடுதான் உறைக்கிறது. அப்புறம் மூன்றாம் உலகப் போர். பாரீஸ் அழிகிறது. பிழைத்தவர்கள் ஷாயோ மாளிகைக்குக் கீழே சுரங்கங்களில் வாழ்கிறார்கள். வென்றவர்கள் கைதிகளைப் பிடித்துக் காலத்துக்குள் அனுப்பிப் பார்க்கிறார்கள். எதிர்காலத்திலிருந்து உணவும் மருந்தும் எரிசக்தியும் கொண்டுவர வேண்டும் என்பது திட்டம். போனவர்களில் சிலர் சாகிறார்கள், சிலருக்குப் புத்தி பேதலிக்கிறது. கடந்த காலத்தின் ஒரு காட்சியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருப்பவன்தான் தாங்குவான் என்று, இப்போது வளர்ந்து கைதியாக இருக்கும் அந்தச் சிறுவனைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவன் பிடித்துக்கொண்டிருப்பது அந்தப் பெண்ணின் முகம்.

அவளைத் தேடிப் போகிறான், சந்திக்கிறான், இருவருக்கும் நடுவில் காதல் மாதிரி ஒன்று வளர்கிறது. பிறகு எதிர்காலத்துக்கும் போய்க் காரியத்தை முடிக்கிறான். வேலை முடிந்ததும் தன்னைக் கொன்றுவிடுவார்கள் என்று தெரியும். எதிர்காலத்து மனிதர்கள் தங்களிடமே வந்துவிடும்படி அழைக்கிறார்கள். அவனோ போருக்கு முந்தைய அந்த ஞாயிற்றுக்கிழமையைக் கேட்டு வாங்குகிறான். மேடையில் அவளை நோக்கி ஓடுகிறான். சுரங்கத்திலிருந்து பின்தொடர்ந்து வந்த ஆள் அங்கே நிற்கிறான். சிறுவயதில் பார்த்த சாவு தன்னுடையதுதான்.

படத்தில் பேச்சு கிடையாது. ழான் நெக்ரோனியின் பின்குரல் முழுக் கதையையும் சொல்கிறது. சுரங்கத்தில் பரிசோதனை செய்கிறவர்கள் ஜெர்மன் மொழியில் கிசுகிசுப்பது மட்டும் காதில் விழுகிறது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் பிடியில் இருந்த பாரீஸில் உட்கார்ந்து அன்றைக்கு அதைக் கேட்டவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருந்திருக்காது.

72 ஃப்ரேம் நிற்கும் முகம்

முதலில் கணக்கு. சினிமா ஒரு நொடிக்கு 24 ஃப்ரேம், அதாவது 24 தனித்தனிப் படச்சட்டங்கள், ஓடுகிறது. 28 நிமிடத்துக்கு நாற்பதாயிரத்துச் சொச்சம். ஒரு புகைப்படம் மூன்று நொடி நிற்க வேண்டுமென்றால் அதே படத்தை 72 ஃப்ரேம்களில் பதிய வேண்டும். ஒரு ஷாட் எங்கே முடிய வேண்டும் என்பதைச் சாதாரணப் படத்தில் ஓரளவு நடிகரே சொல்லிக்கொடுத்துவிடுவார்: கோப்பையைக் கீழே வைத்தார், கட், திரும்பிப் பார்த்தார், கட். புகைப்படத்தில் அந்த உதவி இல்லை. அது இரண்டு நொடியிலும் முடியலாம், பத்து நொடியும் நிற்கலாம். எடிட்டர் சொன்னதுதான் நீளம்.

நம் கண் ஒரு புகைப்படத்தைச் சீக்கிரமே படித்து முடித்துவிடும். யார், எங்கே, என்ன செய்கிறார் என்பது பிடிபட்ட பிறகும் படம் போகாமல் நின்றால், பார்க்கிறவர் யோசிக்க ஆரம்பிக்கிறார். முகத்தில் எதையோ தேடுகிறார். ‘லா ஜெத்தே’ இந்த மிச்ச நேரத்தை வைத்துத்தான் விளையாடுகிறது. தொடக்கத்தில் மேடையில் நிற்கும் பெண்ணின் முகம் வரும்போது, அது தகவலுக்குத் தேவையானதைவிட நீளமாக நிற்கிறது. சிறுவன் மனதில் பதிந்ததென்று பின்குரல் சொல்வது நம் மனதிலும் பதிவது இப்படித்தான். நாம் அவன் நினைவைப் பற்றிக் கேள்விப்படுவதோடு நிற்பதில்லை. அதே முகத்தை நாமும் மனப்பாடம் செய்துகொள்கிறோம். பின்னால் அவள் மறுபடி வரும்போது அடையாளம் கண்டுகொள்வது அவன் மட்டுமல்ல.

இதற்கு நேர்மாறாகச் சுரங்கக் காட்சிகள். மங்கலான விளக்கு, கம்பிகள் பொருத்திய கண்பட்டை, தொங்கும் ஊஞ்சல் படுக்கை, குனிந்து பார்க்கும் முகங்கள். இங்கே படங்கள் நிறைய, நிற்கும் நேரம் குறைவு. எதையும் முழுசாகப் பார்த்து முடிக்க விடுவதில்லை.

மூன்று விதமான போக்கு

படத்தில் ஒரு புகைப்படத்திலிருந்து அடுத்ததற்குப் போக மூன்று வழிகள் உண்டு: நேரடிக் கட், ஒன்று கரைந்து இன்னொன்றாக மாறும் டிசால்வ், இருட்டுக்குள் போய் வரும் ஃபேட். இதெல்லாம் எந்த மென்பொருளிலும் ஒரு பட்டனில் கிடைப்பவைதான். அன்றைக்கு அப்படி இல்லை. எடிட்டர் வொர்க் பிரின்ட்டின் (வெட்டி ஒட்டிப் பார்க்கும் ஃபிலிம் பிரதி) மேல் கிரீஸ் பென்சிலால் கோடு போட்டுக் காட்டுவார். டிசால்வ் உண்மையில் உருவாவது லேபில். எப்படி வந்திருக்கிறது என்று அங்கிருந்து பிரின்ட் திரும்பி வந்த பிறகுதான் தெரியும். காசும் செலவாகும். அதனால் எங்கே வேண்டும் என்று முன்கூட்டியே யோசித்துத்தான் போடுவார்கள்.

பொதுவாகச் சொன்னால், இந்தப் படத்தில் கட் வலிக்கும் நிகழ்காலத்துக்கும், டிசால்வ் நினைவுக்கும் அவளோடிருக்கும் நேரத்துக்கும், ஃபேட் நாட்கள் கடந்து போவதற்கும் பயன்படுகிறது. ஆனால் இதை இலக்கண விதியாக எழுதி வைத்துக்கொண்டு படத்தைப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். பல இடங்களில் மீறல் உண்டு. ஒரு பழக்கத்தை முதலில் நம்மிடம் ஏற்படுத்திவிட்டு, வேண்டிய இடத்தில் அதை உடைப்பதுதான் உத்தி.

அழிந்த பாரீஸைக் காட்டும் பகுதியைப் பாருங்கள். இரண்டாம் உலகப் போரில் நொறுங்கிய நகரங்களின் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கரைந்து வருகின்றன, பின்னணியில் ரஷ்யத் தேவாலயப் பாடகர் குழுவின் குரல். இது நினைவும் இல்லை, காதலும் இல்லை, ஆனாலும் டிசால்வ். வெவ்வேறு ஊர்களின் இடிபாடுகளை ஒரே நகரமாக்குவதற்கு அதுதான் தேவை. கட் போட்டிருந்தால் ஒவ்வொன்றும் தனித்தனிப் புகைப்படமாக நின்று, ‘இது எந்த ஊர்’ என்ற கேள்வி எழுந்திருக்கும்.

பத்தாம் நாள்

பரிசோதனை தொடங்கிப் பத்தாம் நாள் முதன்முதலாகக் கடந்த காலம் கசிய ஆரம்பிக்கிறது. சமாதான காலத்துக் காலை ஒன்று. ஒரு படுக்கையறை, நிஜப் படுக்கையறை. நிஜக் குழந்தைகள். நிஜப் பறவைகள். நிஜப் பூனைகள். நிஜக் கல்லறைகள். பின்குரல் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அந்தப் படம் வருகிறது. வேறெதுவும் நடப்பதில்லை. இவற்றில் எந்தப் படத்திலும் விசேஷமாக எதுவும் இல்லை. வெயிலில் எடுத்த சாதாரணப் புகைப்படங்கள். ஆனால் நாம் பல நிமிடமாகச் சுரங்கத்தின் இருட்டிலும் கிசுகிசுப்பிலும் அடைபட்டுக் கிடந்துவிட்டு வருகிறோம். அதனால் ஒரு பூனையைப் பார்த்ததும் கண் கூசுகிறது. வரிசையையும் கவனியுங்கள்: குழந்தை, பறவை, பூனை என்று நம்மை இளகவைத்துவிட்டு, அதே தாளத்தில் கல்லறை வருகிறது. இனிமேல் கல்லறைக்கும் இடமில்லாத உலகம் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

இந்தப் படங்களுக்கு நடுவே கண்பட்டை கட்டிய அவன் முகம் வந்து வந்து போகிறது. ரஷ்ய இயக்குநர் லெவ் குலெஷோவ் செய்த பரிசோதனை பலருக்குத் தெரிந்திருக்கும். நடிகர் மொசூகினின் உணர்ச்சியற்ற முகத்தை ஒரு சூப் கிண்ணத்துக்குப் பக்கத்தில் ஒட்டினால் பசி தெரிந்தது, சவப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டினால் துக்கம் தெரிந்தது. முகம் ஒன்றேதான். மார்க்கரும் ரவேலும் இதில் ஒரு படி மேலே போகிறார்கள். இங்கே கண்களே மூடியிருக்கின்றன. ‘அவன் பார்க்கிறான், எதிரே இது இருக்கிறது’ என்ற பார்வைத் தொடர்பும் இல்லை. இருந்தும் பக்கத்தில் வரும் குழந்தையை அவன்தான் பார்க்கிறான் என்பதில் நமக்குச் சந்தேகமே வருவதில்லை. பல்லைக் கடித்திருக்கும் வாய் ஒரு வெட்டில் வலி, அடுத்த வெட்டில் ஏக்கம். நடிகர் தாவோஸ் ஹானிச் இந்த இரண்டையும் தனித்தனியாக நடித்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

பதினாறாம் நாள் அவன் விமான நிலைய மேடைக்கு வந்து சேர்கிறான். அங்கே யாரும் இல்லை. முப்பதாம் நாள்தான் சந்திப்பு. இப்படி நாள் எண்ணிக்கையைப் பின்குரலிடம் விட்டுவிட்டதால், படத்தொகுப்பு காலத்தைக் காட்டுகிற வேலையிலிருந்து தப்பிக்கிறது. கடிகாரம், காலண்டர், சூரிய உதயம் எதுவும் வேண்டியதில்லை.

அவள் தூங்குகிறாள்

எல்லோரும் பேசும் இடம் இது. நானும் இங்கேதான் கொஞ்ச நேரம் நிற்கப் போகிறேன்.

அவள் படுக்கையில் தூங்கிக்கொண்டிருக்கிறாள். தலையணையில் முகம், தோள், கலைந்த கூந்தல். பின்குரல் இல்லை. இசையும் இல்லை. பறவைகளின் சத்தம் மட்டும். ஒரு புகைப்படம் மெல்லக் கரைந்து இன்னொன்றாகிறது: தலை சற்றுத் திரும்பியிருக்கிறது. மறுபடி கரைகிறது: கை இடம் மாறியிருக்கிறது. ஒவ்வொன்றும் ஒரே கோணத்துக்கு அருகருகே எடுத்தவை.

சாதாரணமாக, கிட்டத்தட்ட ஒரே மாதிரியான இரண்டு ஷாட்டை அடுத்தடுத்து ஒட்டக் கூடாது என்று எடிட்டிங் வகுப்பில் முதல் வாரமே சொல்லிவிடுவார்கள். துள்ளும், ஜம்ப் கட் ஆகிவிடும். இங்கே அதே ஒற்றுமைதான் மூலதனம். நேரடியாக ஒட்டியிருந்தால் துள்ளியிருக்கும் படங்கள் டிசால்வில் ஒன்றின் மேல் ஒன்று படரும்போது, நடுவில் ஒரு கணம் இரண்டு முகமும் சேர்ந்து தெரிகின்றன. தூக்கத்தில் ஒருவர் புரளும்போது நாம் பார்ப்பதும் ஏறத்தாழ அதைத்தான்: எப்போது அசைந்தார் என்று தெரியாது, ஆனால் நிலை மாறியிருக்கும்.

அப்புறம் தாளம் மாறுகிறது. தொடக்கத்தில் ஒவ்வொரு படமும் நின்று, நிதானமாகக் கரைகிறது. போகப்போக நிற்கும் நேரம் குறைகிறது, கரைவது நெருங்கி வருகிறது. பறவைச் சத்தம் ஏறிக்கொண்டே போய்க் கிட்டத்தட்டக் காதைத் துளைக்கும் அளவுக்கு வந்துவிடுகிறது. நம் உடம்பு ஏதோ நடக்கப்போகிறது என்று எதிர்பார்க்கிறது, என்ன என்று தெரியாது. படத்திலிருந்து படத்துக்குள்ள இடைவெளி சுருங்கிச் சுருங்கி, ஒரு கட்டத்தில் அவள் கண்ணைத் திறக்கிறாள். இமைக்கிறாள். நிஜமாக, நொடிக்கு 24 ஃப்ரேமில். சில நொடிகள்தான்.

முதல் தடவை பார்க்கிற பலர் இதைக் கவனிக்காமலே விட்டுவிடுவார்கள். ‘ஏதோ உயிர் வந்த மாதிரி இருந்தது’ என்று மட்டும் சொல்வார்கள். அதில்தான் ரவேலின் கைத்திறன் இருக்கிறது. புகைப்படத்திலிருந்து அசைவுக்கு மாறும் அந்த இடத்தை ஒரு தாண்டலாகக் காட்டவில்லை. டிசால்வ்களின் வேகத்தைப் படிப்படியாக ஏற்றி, புகைப்படத்தை அசைவின் வாசல்வரை கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். உள்ளே கால் வைப்பது இயல்பாக நடந்துவிடுகிறது.

அந்த ஷாட்டைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அதற்கு அடுத்து வரும் கட். அவள் இமைத்து நம்மைப் பார்க்கிறாள். டக்கென்று பரிசோதனைத் தலைவனின் முகம். பறவைச் சத்தம் அறுந்துவிடுகிறது. டிசால்வ் இல்லை, ஃபேட் இல்லை. இவ்வளவு நேரம் மெதுவாகக் கட்டி எழுப்பிய மென்மையை ஒரே வெட்டில் பிடுங்கிவிடுகிறார்கள். அவன் கண் விழித்தது எங்கே என்பதை இதைவிடக் கொடூரமாகச் சொல்ல முடியாது. அவளும் கண் திறந்தாள், அவனும் கண் திறந்தான். இரண்டும் ஒரே கட்டின் இரு பக்கம். அசையும் ஷாட்டை எடுத்துவிட்டு அங்கேயும் ஒரு புகைப்படத்தை வைத்தாலும் காட்சி ஓரளவு நிற்கும். அந்தக் கட்டை டிசால்வாக மாற்றினால் நிற்காது.

இப்போதைய எடிட்டிங் மென்பொருள்கள் பலவற்றில் டிசால்வை இழுத்துப் போட்டால் ஒரே அளவில் வந்து விழும். நாற்பது புகைப்படத்தை வரிசையாக அடுக்கி, எல்லாவற்றுக்கும் ஒரே சொடுக்கில் ஒரே டிசால்வ் போட்டுவிடலாம். கல்யாண ஆல்பம் வீடியோ அப்படித்தான் தயாராகிறது, அது எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் சுற்றும் மின்விசிறி மாதிரி ஓடிக்கொண்டிருக்கும். அவள் தூங்கும் காட்சியின் உயிரே ஒவ்வொரு கரைவும் முந்தையதைவிடக் கொஞ்சம் வித்தியாசமான நீளத்தில் இருப்பதுதான்.

அருங்காட்சியகமும் மரமும்

ஐம்பதாம் நாள் வாக்கில் இருவரும் பாரீஸின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் சந்திக்கிறார்கள். பாடம் செய்து நிறுத்திவைத்த விலங்குகள், எலும்புக்கூடுகள், கண்ணாடிப் பெட்டிகள். இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தது வெறும் அழகுக்காக என்று எனக்குத் தோன்றவில்லை. ஒட்டகச்சிவிங்கியும் திமிங்கில எலும்பும் நிஜத்திலேயே அசையாதவை. பக்கத்தில் நிற்கும் இருவரும் புகைப்படத்தில் இருப்பதால் அசையாதவர்கள். திரையில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. எடிட்டிங் இந்தக் குழப்பத்தை வேண்டுமென்றே தூண்டிவிடுகிறது: அவள் சிரிக்கும் முகம், கட், ஒரு மிருகத்தின் கண்ணாடிக் கண், அவன் கை காட்டும் திசை, கட், கண்ணாடிப் பெட்டி. பார்வை, கை, உடலின் சாய்வு ஆகியவற்றைப் பிடித்துக்கொண்டே வெட்டுகிறார்கள். இரண்டு பேர் பேசிக்கொண்டே நடந்து போவது போன்ற ஒரு முழுக் காட்சி ஒருவரும் நடக்காமல், ஒரு வார்த்தையும் பேசாமல் நடந்துமுடிகிறது.

இதற்கு முன்பே இன்னொரு காட்சி. வெட்டிய செகோயா மரத்தின் குறுக்குத் துண்டு, வளையங்களில் வரலாற்றுத் தேதிகள். அவள் ஏதோ ஓர் அயல்நாட்டுப் பெயரைச் சொல்கிறாள். அவன் கையை நீட்டி மரத்துக்கு வெளியே ஒரு புள்ளியைக் காட்டி, தான் அங்கிருந்து வருவதாகச் சொல்கிறான். ஹிட்ச்காக்கின் ‘வெர்டிகோ’வை (1958) பார்த்தவர்களுக்கு உடனே பொறி தட்டும். அங்கே நாயகி மரத்துக்குள்ளே விரலை வைத்துத் தான் பிறந்ததையும் இறந்ததையும் காட்டுவாள். ஹிட்ச்காக் அதைக் காட்ட வசனமும் கேமரா அசைவும் வைத்துக்கொண்டார். இங்கே கைக்கும் மரத்துக்கும் நடுவில் இருக்கும் வெற்றிடம்தான் விஷயம். புகைப்படம் அசையாததால் அந்த விரல் வெளியே நீண்டபடியே நின்றுவிடுகிறது.

எதிர்காலத்துக்குப் போகும் பகுதி படத்தின் பலவீனமான இடம். இருட்டில் மிதக்கும் முகங்கள், மறுபடி கட்டிய பாரீஸின் புரியாத தெருக்கள் என்று அருவமான சில படங்கள். கதை முழுக்கப் பின்குரலின் தோளில் ஏறிக்கொள்கிறது. சீக்கிரம் முடிந்துவிடுகிறது என்பதே ஆறுதல்.

கடைசி ஓட்டம்

மேடையில் அவன் ஓடுகிறான். இதுவரை படங்கள் நிலைகளைத்தான் காட்டின: நின்றான், படுத்தான், பார்த்தான். இப்போது முதல்முறையாக ஒரே செயலைத் துண்டு துண்டாகப் பார்க்கிறோம். கால் ஓரிடத்தில், கை காற்றில். அடுத்த படத்தில் உடல் இன்னும் கொஞ்சம் முன்னால். நடுவில் இருக்க வேண்டிய அசைவைத் திரையில் யாரும் காட்டுவதில்லை, நாம்தான் போட்டுக்கொள்கிறோம். ஓடுகிறான், அவள் முகம், ஓடுகிறான், வினோதக் கண்ணாடி அணிந்த அந்தச் சுரங்கத்து ஆள், ஓடுகிறான். நேரடிக் கட் மட்டும்தான்.

ஓட்டம் வேகமாகத் தெரிகிறது. ஆனால் அவன் அவளிடம் போய்ச் சேரவே மாட்டான் என்பதும் தெரிகிறது. ஒவ்வொரு படமும் அவனை அந்தந்த இடத்திலேயே ஆணியடித்து வைத்துவிடுகிறதே! அசையும் கேமராவில் இதை எடுத்திருந்தால் அவன் நெருங்கி வருவது கண்ணுக்குத் தெரிந்திருக்கும், ‘இன்னும் நாலு அடிதான்’ என்ற நப்பாசை நமக்கு வந்திருக்கும். காலத்திலிருந்து தப்ப வழியில்லை என்று பின்குரல் அங்கே சொல்வதை, எடிட்டிங் அதற்கு முன்பே சொல்லிவிட்டது.

அவன் கை பின்னால் வீச, உடல் வளைந்து விழும் படம் வரும்போது தொடக்கத்துக்கான வட்டம் பூர்த்தியாகிறது. தொடக்கத்தில் அந்தச் சாவைப் பற்றி எவ்வளவு குறைவாகக் காட்டினார்கள் என்பது இப்போது புரியும். அங்கே முகம் மட்டும் நீளமாக நின்றது. விழுந்தவன் யாரென்று பார்க்க நேரம் கொடுக்கவில்லை. எதைக் காட்டினோம் என்பதைவிட எதை எவ்வளவு நேரம் காட்டினோம் என்பதில் ரகசியத்தை ஒளித்திருக்கிறார்கள்.

இந்தப் படத்தால் தூண்டப்பட்டு 1995-இல் டெர்ரி கில்லியம் ‘12 மங்கீஸ்’ எடுத்தார், புரூஸ் வில்லிஸ் நடித்தது. அதிலும் விமான நிலையம், அதே முடிவு. கில்லியம் அதை ஸ்லோ மோஷனில், திரும்பத் திரும்ப வரும் கனவாகக் காட்டுகிறார். ஸ்லோ மோஷன் ஒரு கணத்தை நீட்டும். புகைப்படம் அந்தக் கணத்தை நிறுத்திவிடும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும் படத்தில் கனவைத் திரும்பத் திரும்பப் போட்டு நினைவூட்ட வேண்டியிருந்தது. 28 நிமிடத்தில் அந்த அவசியம் இல்லை, ஒரு தடவை காட்டினால் போதும். குறும்படம் என்ற வடிவத்துக்கு உள்ள வசதி இது. நம்மூர்க் குறும்படங்களில் பத்து நிமிடத்துக்குள் மூன்று ஃப்ளாஷ்பேக் வைத்து, ஒவ்வொன்றிலும் முந்தையதையே மறுபடி காட்டுகிறார்கள்; பார்வையாளர் அதற்குள் மறந்துவிட மாட்டார்.

ஒலி, அப்புறம் ஒரு ஆட்சேபம்

படங்கள் துண்டு துண்டாக இருப்பதால் அவற்றைச் சேர்த்துக் கட்டும் கயிறு ஒலிதான். ஜெட் விமானத்தின் இரைச்சல் பல புகைப்படங்களுக்கு மேல் அறுபடாமல் ஓடுவதால் அவை ஒரே இடம், ஒரே நேரம் என்றாகின்றன. பரிசோதனைக் காட்சிகளில் இதயத் துடிப்பு. அது வேகமெடுக்கும்போது படங்கள் அதே நீளத்தில் நின்றாலும் வேகமாகப் போவதாகத் தோன்றும். பாரீஸில் அவளோடு இருக்கும் நேரத்துக்கு ட்ரெவர் டங்கனின் தந்தி இசை. எங்கே இவை எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் பறவையை மட்டும் வைப்பது என்று தெரிந்திருந்ததால்தான் அந்தப் படுக்கைக் காட்சி அப்படி அமைந்தது.

சரி, ஆட்சேபம் இதுதான்: பின்குரல் இவ்வளவு சொல்லிவிட்டால் இது படம் போட்ட வானொலி நாடகம்தானே? நியாயமான கேள்வி. பதில் சொல்ல ஒரு வழி இருக்கிறது. ஒலியை முழுசாக அணைத்துவிட்டுப் படத்தை ஓடவிட்டுப் பாருங்கள். போர், சுரங்கத்துத் திட்டம், எதிர்காலம் ஆகிய பகுதிகள் தடுமாறுகின்றன. யார் எதற்காக என்ன செய்கிறார்கள் என்று பிடிபடாது. ஆனால் பத்தாம் நாள், தூங்கும் பெண், அருங்காட்சியகம், கடைசி ஓட்டம் நான்கும் தனியாக நிற்கின்றன. அதாவது பின்குரல் சட்டதிட்டங்களை விளக்குகிறது. அவள்மீது அவனுக்கு என்ன உண்டானது என்பதைப் படத்தொகுப்பு சொல்கிறது. இந்த வேலைப் பிரிவினை மங்கிப் போகும் ஓரிடம் எதிர்காலப் பகுதி, அதுதான் தளர்ந்தும் இருக்கிறது.

பின்குரலை நம்பிக் குறும்படம் எடுப்பவர்கள் தங்கள் ரஃப் கட்டிலும் (முதல் தோராயத் தொகுப்பு) இதையே செய்து பார்க்கலாம், கையில் ஒரு பேனாவோடு. ஒலி இல்லாமல் விழுந்துபோகும் இடங்களைக் குறித்துக்கொண்டே வந்தால், அவற்றில் எவை வெறும் தகவல், எவை உணர்ச்சி என்று பிரித்துவிடலாம். தகவல் என்றால் பின்குரலே பார்த்துக்கொள்ளும். உணர்ச்சி என்றால் அங்கே ஒரு ஷாட் குறைகிறது, அல்லது இருக்கும் ஷாட் நிற்க வேண்டிய நேரம் நிற்கவில்லை. முதலில் நீளத்தை மாற்றிப் பாருங்கள். மறுபடி ஷூட்டிங் போவதைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம்.